சூனியம் கடல் கடந்த கதை

கணக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் பெறாத பிள்ளையை, “சைபர் வாங்கி வந்திருக்கிறான்” என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வதை நேயர்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் பூஜ்யம் என்பர். சிலர் சுழி என்பர். பாடநூல்கள் சுழியம் என்று எழுதும். தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் செவிகளில் இன்னும் சில பெயர்கள் நாள்தோறும் விழுகின்றன. ஐதராபாத்தில் தெலுங்கர் ‘சுன்ன’ என்பர். பெங்களூரில் கன்னடர் ‘சொன்னெ’ என்பர். மும்பை, ஆமதாபாத் நகரங்களில் ‘சூன்ய’ என்பர். டில்லியில் இந்தி பேசுவோர் ‘சூன்ய’ என்றும், உருது பேசுவோர் ‘சிஃபர்’ என்றும் சொல்வர். அலுவலகத்திலோ எல்லாரும் ‘ஜீரோ’ என்று சொல்லிவிடுகிறோம்.

இவற்றுள் சுன்ன, சொன்னெ, சூன்ய ஆகியவை ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் என்பது கேட்ட மாத்திரத்திலே விளங்கும். சிஃபர், சைபர், ஜீரோ என்னும் மூன்றையோ நாம் அயல்நாட்டுச் சொற்கள் என ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒலியால் அவை அயலவையே. பொருளால் அவை நம் சூனியத்தின் வழிவந்தவை. இந்தியாவிலிருந்து பாக்தாத்துக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்ற ஒரு கருத்து, போன இடந்தோறும் புதுப் பெயரும் புதுப் பொருளும் பெற்று, இறுதியில் ஆங்கிலத்தின் வழியாக நம் வீட்டு வாயிலுக்கே திரும்பி வந்த வரலாற்றை இன்று காண்போம்.

முதலில் சூனியத்தின் பயன் யாது என்று தெளிதல் வேண்டும். பழைய தமிழ்க் கணக்கில் பத்துக்கு ௰ என்றும், நூறுக்கு ௱ என்றும், ஆயிரத்துக்கு ௲ என்றும் தனிக்குறிகள் உண்டு. இருநூற்றைந்தை எழுத விரும்பியவர் ௨௱௫ என்று எழுதினார். இரண்டு நூறும் ஐந்தும் என்பது இதன் பொருள். இம்முறையில் வெற்றிடம் என்பதே இல்லை. ஆதலால் வெற்றிடத்தைக் குறிக்க ஒரு குறியும் வேண்டியதில்லை. உரோமானியர் எண்முறையும் இவ்வகையில் இதனை ஒத்ததே. ஆனால் இலக்கத்தின் மதிப்பை அது நிற்கும் இடமே உணர்த்தும் முறையில் நிலைமை வேறு. இரண்டையும் ஐந்தையும் அருகருகே எழுதினால் 25 ஆகிவிடும். பத்தாம் இடத்தில் ஒன்றும் இல்லை என்பதைக் கண்ணுக்குக் காட்ட ஒரு குறி இருந்தாலன்றி 205 என்பதை எழுத முடியாது. ‘இல்லை’ என்பதைச் சொல்லாமல் விடுவது வேறு. ‘இல்லை’ என்று எழுதிக் காட்டுவது வேறு. இவ்வேறுபாட்டில் பிறந்ததே சூனியம்.

வெற்றிடத்துக்கு ஒரு குறி இடும் வழக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. பாபிலோனியர் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே தம் களிமண் ஏடுகளில் அத்தகைய குறி ஒன்றை இட்டனர். அமெரிக்கக் கண்டத்தில் வாழ்ந்த மாயா மக்களும் தாமே தனித்து அதனைக் கண்டறிந்தனர். இந்தியக் கணித அறிஞர் செய்த பெரும்பணி யாதெனில், அந்த வெறுமையையும் ஓர் எண்ணாகவே கொண்டு, அதனைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்ததாகும். இன்றைய இராஜஸ்தானத்தில் பீன்மால் என வழங்கும் ஊரைச் சார்ந்த பிரம்மகுப்தர், 628 ஆம் ஆண்டில் இயற்றிய ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ என்னும் நூலில் இவ்விதிகளைத் தந்துள்ளார். ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் சூனியம். சூனியத்தால் எதனைப் பெருக்கினாலும் சூனியம் என்பன அவற்றுட் சில. சூனியத்தைச் சூனியத்தால் வகுத்தால் சூனியம் என்று அவர் கூறியதைப் பிற்காலக் கணிதம் ஏற்கவில்லை. ஆயினும் அப்படி ஒரு வினாவை எழுப்புவதற்கே, வெறுமையை எண்ணாக மதிக்கும் துணிவு வேண்டும்.

வடமொழிக் கணித நூல்கள் செய்யுளில் அமைந்தவை. ஆதலின் ஓசை நயத்துக்கேற்பச் சூனியத்துக்குப் பல பெயர்கள் வழங்கின. ‘க’, ‘ககனம்’, ‘அம்பரம்’ என வானத்தின் பெயர்களும் அதனைச் சுட்டின. புள்ளி எனப் பொருள்படும் ‘பிந்து’வும் சுட்டிற்று. எழுத்து வடிவில் அதனைக் காண விரும்புவோர் குவாலியர் கோட்டைக்குச் செல்லலாம். அங்குள்ள சதுர்புஜர் கோயிலில் 876 ஆம் ஆண்டைச் சார்ந்த கல்வெட்டு ஒன்று உளது. 270 முழ நீளமும் 187 முழ அகலமும் கொண்ட பூந்தோட்டத்துக்கு நிலம் விட்டதையும், நாள்தோறும் இறைவனுக்கு 50 மாலைகள் அளிக்க ஏற்பாடு செய்ததையும் அது கூறுகிறது. அங்கே 270-இலும் 50-இலும் உள்ள சிறு வட்டம் இன்று நாம் எழுதும் சுழியே. மத்தியப் பிரதேசத்தில் வாழும் அன்பர்கள் ஒருமுறை சென்று காணத்தக்க இடம் இது.

இனி, சொல்லின் பயணத்தைத் தொடர்வோம். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய வானநூல் ஒன்று பாக்தாத் அரசவையை எய்தி, அரபு மொழியில் பெயர்க்கப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்னும் பேரறிஞர், இந்தியர் கணக்கிடும் முறையை விளக்கித் தனி நூலே எழுதினார். அரபு அறிஞர் சூனியம் என்னும் சொல்லை ஒலியால் கடன் வாங்கவில்லை; அதன் பொருளை ஆராய்ந்து தம் சொல்லால் பெயர்த்தனர். வெறுமையாதல் எனப் பொருள்படும் அரபு வேரிலிருந்து பிறந்த ‘சிஃப்ர்’ என்னும் சொல்லை அதற்கு இட்டனர். காலியான பாத்திரத்துக்கும் வெறுங்கைக்கும் வழங்கும் சொற்கள் அவ்வேரினவே. சூனியம் என்றால் வெறுமை. சிஃப்ர் என்றாலும் வெறுமை. பொருளைப் பழுதின்றிக் கொண்டுசென்ற நல்ல மொழிபெயர்ப்பு இது. உருதுவில் வழங்கும் சிஃபர் இதுவே.

ஐரோப்பாவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே பொருள் பெயர்க்கப்படவில்லை. ஒலி மட்டும் கடன் வாங்கப்பட்டது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஐரோப்பியர் அக்காலத்தில் கோடுகள் வரைந்த கணக்குப் பலகையின் மேல் காய்களை வைத்துக் கணக்கிட்டனர். பலகையில் ஒரு பத்தியில் ஒன்றும் இல்லையாயின் அதனை வெறிதே விட்டுவிட்டால் போதும். அவர்களுக்கு வெற்றிடம் கண்ணெதிரே இருந்தது. அதற்கு ஒரு குறியும் பெயரும் எதற்கு என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. ஒன்றுமில்லாததைக் குறிக்கும் ஒரு வட்டம், தனியே நின்றால் மதிப்பற்றதாகவும் ஓர் இலக்கத்தின் வலப்புறம் நின்றால் அதனைப் பத்து மடங்காக்குவதாகவும் இருப்பது அவர்களுக்குப் பெரும் புதிராகத் தோன்றிற்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மியின் கணக்கு நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. அவர் பெயரே இலத்தீனில் ‘அல்கோரிஸ்மி’ எனத் திரிந்து, இன்று கணிப்பொறித் துறையில் வழங்கும் ‘அல்காரிதம்’ என்னும் சொல்லைத் தந்தது. 1202 ஆம் ஆண்டில், ஃபிபோனாச்சி என இன்று வழங்கும் பைசா நகரத்து லியோனார்டோ, ‘லிபர் அபாச்சி’ என்னும் நூலை எழுதினார். இவர் தந்தையார் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பூகியா துறைமுகத்தில் பைசா வணிகர்களுக்காகச் சுங்க அலுவல் பார்த்தவர். அங்கே இளமையிலேயே இந்திய இலக்கங்களைக் கற்ற லியோனார்டோ, ஒன்பது இலக்கங்களையும், அரபியர் சிஃப்ர் எனச் சொல்லும் குறியையும் கொண்டு எந்த எண்ணையும் எழுதலாம் என்று தம் நாட்டவர்க்கு விளக்கினார். சிஃப்ர் என்பதை அவர் ‘செஃபிரும்’ என இலத்தீன் உருவில் எழுதினார். அது இத்தாலிய நாவில் ‘செஃபிரோ’ என்றும், ‘செவெரோ’ என்றும் தேய்ந்து, முடிவில் ‘ட்சேரோ’ என நின்றது. அதுவே பிரெஞ்சில் ‘ஸேரோ’வாகவும், ஸ்பானியத்தில் ‘செரோ’வாகவும், ஆங்கிலத்தில் ‘ஜீரோ’வாகவும் வழங்குகிறது.

இது ஒரு கிளை. அதே அரபுச் சொல் வேறொரு வழியாக இலத்தீனில் ‘சிஃப்ரா’ என்றும் புகுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சாக்ரோபோஸ்கோ என்பவர் எழுதிய கணக்கு நூல் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் பாடமாக இருந்தது. அதில் பத்தாவது குறிக்கு வட்டம் என்றும், சிஃப்ரா என்றும், இன்மையின் உரு என்றும் பல பெயர்கள் தரப்பட்டுள்ளன. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் இருப்பதே, அஃது இன்னும் வீட்டுப் பொருளாகவில்லை என்பதற்குச் சான்று. கிரேக்க மொழியிலும், 1300 ஆம் ஆண்டளவில், மாக்சிமோஸ் பிளானூடெஸ் என்னும் துறவி இந்தியக் கணக்கைப் பற்றி எழுதுகையில் ‘ட்சிஃப்ரா’ என்றே குறிப்பிட்டார்.

புதிய இலக்கங்களுக்கு எளிதில் வரவேற்பு கிட்டவில்லை. 1299 ஆம் ஆண்டில் ஃபிளாரன்ஸ் நகர நாணயமாற்று வணிகர் சங்கம், கணக்கேடுகளில் புதிய இலக்கங்களைப் பயன்படுத்தலாகாது, தொகைகளை எழுத்தால் எழுதுதல் வேண்டும் என விதி செய்தது. இலக்கங்களை எளிதில் திருத்திவிடலாம் என்ற அச்சமே இதற்குக் காரணம் என்பர். சுழியின் மேல் ஒரு கோடு இழுத்தால் 6 ஆகிவிடும்; கீழே இழுத்தால் 9 ஆகிவிடும். இன்று நாம் காசோலையில் தொகையை இலக்கத்தாலும் எழுத்தாலும் எழுதுவதில் உள்ள எச்சரிக்கையும் இத்தகையதே.

இவ்வாறு அச்சமும் வியப்பும் கலந்து நோக்கப்பட்டதால், சிஃப்ரா என்னும் சொல் தன் மூலப்பொருளில் நிற்கவில்லை. சுழியே புதுமுறையின் தனி அடையாளமாகத் தோன்றியமையால், அதன் பெயர் மெல்ல மெல்ல எல்லா இலக்கங்களுக்கும் பரவிற்று. பிரெஞ்சில் ‘ஷிஃப்ர்’ என்றால் இன்று சுழி அன்று. ஒன்று முதல் ஒன்பது வரை உள்ள எதுவும் ஷிஃப்ரே. வணிகர் ஆண்டு முழுதும் விற்ற தொகையையும் அச்சொல்லாலேயே குறிப்பர். ஜெர்மானிய மொழியில் ‘ட்சிஃபர்’ என்றால் இலக்கம். கடிகாரத்தின் முகப்புக்கு ‘இலக்கத் தகடு’ எனப் பொருள்படும் பெயர் இச்சொல்லால் அமைந்தது. இத்தாலியம், ஸ்பானியம், போலிஷ், ருஷ்யன், ஸ்வீடிஷ் ஆகிய மொழிகளிலும் இதன் உறவுச் சொற்கள் இலக்கத்தையே குறிக்கின்றன. பெயரைப் பிறர்க்கு ஈந்துவிட்ட சுழிக்கு அப்போது வேறு பெயர் வேண்டியதாயிற்று. தெற்கே உள்ளோர் ‘ஸேரோ’வை எடுத்துக்கொண்டனர். ஜெர்மானியரும் டச்சுக்காரரும் ஸ்வீடன் நாட்டவரும் ருஷ்யரும், ‘ஒன்றுமில்லை’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘நுல்லா’விலிருந்து பிறந்த சொற்களை ஏற்றனர். ஜெர்மனியில் சுழிக்கு இன்றும் ‘நுல்’ என்றே பெயர். நம் முன்னோர் இட்ட பொருள், சொல் மாறினும் அங்கே மறுபடியும் வந்து சேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

அடுத்து நேர்ந்தது மேலும் வியப்பானது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய அரசுகள் தம் தூதர்களுக்கு அனுப்பும் ஓலைகளைப் பிறர் படிக்காதவாறு இலக்கங்களாலும் விந்தையான குறிகளாலும் எழுதத் தொடங்கின. இலக்கத்தின் பெயராகிய சிஃப்ரா இம்மறைமொழிக்கும் பெயராயிற்று. லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி 1466 ஆம் ஆண்டையொட்டி இத்துறை பற்றி எழுதிய நூலின் பெயரிலேயே இச்சொல் உள்ளது. பகைவரை மயக்கும் பொருட்டு ஓலையின் இடையே பொருளற்ற குறிகள் சிலவற்றையும் சேர்ப்பர்; அவற்றை ‘நுல்’ என அழைத்தனர். ஆங்கிலத்தில் ‘சைபர்’ என்னும் ஒரே சொல் சுழியையும், கணக்கிடுதலையும், மறைமொழியையும் குறிக்கலாயிற்று. ருஷ்யர் இரண்டையும் பிரித்துக்கொண்டனர்; அவர்க்கு ‘த்ஸிஃப்ரா’ இலக்கம், ‘ஷிஃப்ர்’ மறைமொழி. இரண்டும் ஒரு கிணற்று நீரே.

மறைந்ததை விடுவித்துப் படித்தலுக்கு ஆங்கிலத்தில் ‘டிசைபர்’ என்று பெயர். 1837 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் அசோகர் கல்வெட்டுக்களின் பிராமி எழுத்தைப் படித்தறிந்த செயலையும் அச்சொல்லாலேயே ஆங்கில நூல்கள் குறிக்கின்றன. இந்தியரின் பழைய எழுத்தைப் படித்த செயலுக்கு இந்தியச் சூனியத்தின் வழிவந்த சொல்லே பெயராயிற்று.

இன்னும் இரண்டு மொழிகளைக் குறிப்பிட்டு இப்பட்டியலை முடிப்போம். ஹங்கேரிய மொழியில் ‘சிஃப்ரா’ என்றால் பூவேலை செய்த, பகட்டான என்று பொருள். அந்நாட்டு மேய்ப்பர் அணிந்த பூப்பின்னல் மேலங்கிக்கு இச்சொல்லே அடைமொழி. இன்றைய கிரேக்கத்தில் ‘ட்சிஃப்ரா’ என்றால், அலுவலகத் தாளின் ஓரத்தில் இடும் சுருக்கக் கையொப்பம். வெறுமை என்ற சொல் ஓரிடத்தில் அலங்காரமாகவும், மற்றோரிடத்தில் ஒருவருடைய தனி அடையாளமாகவும் ஆனது.

இவ்வளவு மாற்றங்களுக்கிடையிலும் ஒரு பொருள் மட்டும் எங்கும் ஒன்றுபோல் நிலைத்தது. பயனற்ற மனிதரைச் சுழி என்று இகழ்வதுதான் அது. ஆங்கிலேயர் அத்தகையவரைச் சைபர் என்பர்; பிரெஞ்சுக்காரர் ஸேரோ என்பர்; ஜெர்மானியர் நுல் என்பர்; நாமும் அவ்வாறே சொல்கிறோம். தன் மதிப்பு ஒன்றுமின்றி, அருகில் நிற்பதன் மதிப்பைப் பதின்மடங்காக்கும் சுழியை இகழ்ச்சிக்கு உவமை ஆக்கியது அவ்வளவு நீதியன்று.

ஐரோப்பியர் ஒரு தெளிவான சொல்லை மறைமொழி ஆக்கிவிட்டனரே என்று நகைத்தல் வேண்டா. நம் தமிழிலும் அச்சொல் வேறொரு விதத்தில் மருண்டது. ‘சூனியம் வைத்தல்’, ‘சூனியக்காரி’ என்னும் வழக்குக்களில் அது அச்சந்தரும் மந்திரமாகிவிட்டது. விளங்காத ஒன்றை எங்கும் மக்கள் முதலில் மறைபொருள் என்றே எண்ணுகின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இன்று செய்தித்தாள்களில் ‘சைபர் குற்றம்’ என்று படிக்கிறோம். தமிழில் எழுத்து ஒன்றாயினும் இது வேறு சொல். கப்பலின் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும், 1948 ஆம் ஆண்டில் நார்பர்ட் வீனர் தம் நூலுக்குச் ‘சைபர்நெட்டிக்ஸ்’ எனப் பெயரிட்டதன் வழியாக, இது பரவிற்று. ஒலி ஒன்றாய் இருப்பது கொண்டு உறவு கற்பித்தல் ஆகாது. ஒலி வேறாய் இருப்பது கொண்டு உறவை மறுத்தலும் ஆகாது. சூனியமும் ஜீரோவும் ஓரெழுத்தும் ஒவ்வாதவை, ஆயினும் உறவுடையவை. சைபரும் சைபரும் எல்லா எழுத்தும் ஒத்தவை, ஆயினும் அயலவை. சொல்லின் பிறப்பை ஆராய்வார்க்கு முதற் பாடம் இதுவே.

டில்லியில் நாடாளுமன்றச் செய்திகளை இந்தியில் கேட்கும் அன்பர்கள் ‘சூன்யகால்’ என்னும் சொல்லை அறிவர். ஆங்கிலத்தில் ‘ஜீரோ அவர்’ எனப்படும் நேரத்தை இந்தியில் பெயர்த்தபோது அவ்வாறு அமைந்தது. சூனியம் சிஃப்ர் ஆயிற்று. சிஃப்ர் செஃபிரும் ஆயிற்று. செஃபிரும் ஜீரோ ஆயிற்று. ஜீரோ மறுபடியும் சூனியம் ஆயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுற்றுப்பயணம் முடிந்து சொல் வீடு வந்து சேர்ந்தது.

இவ்வரலாற்றைக் கேட்டு, எல்லாம் எம்முடையதே எனப் பெருமிதம் கொள்ளல் எளிது. ஆனால் பிரம்மகுப்தர் வகுத்த விதியைப் பாக்தாத் அறிஞர் பெயர்த்து எழுதாதிருந்தாலும், பைசா வணிகர் மகன் ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் அதனைக் கற்காதிருந்தாலும், உலகம் இன்று இவ்வாறு கணக்கிடாது. அயலூரில் பிழைக்கச் சென்றவரும், அவர் மக்களும், அவர்களோடு பண்டம் மாற்றியவருமே இச்சொல்லைக் கை மாற்றிக் காத்தவர்கள். ஆகவே, அடுத்த முறை உங்கள் பிள்ளை கணக்கில் சைபர் வாங்கி வந்தால், கடிந்துகொள்வதற்கு முன் இக்கதையைச் சொல்லுங்கள். அடுத்த தேர்வில் அந்தச் சுழிக்கு முன்னால் ஓர் இலக்கத்தை நிறுத்தும் ஊக்கம் அதனால் பிறத்தல் கூடும்.